என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள்



சித்தூரில் நின்று தமிழில் பேச யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. 1953 வரை இந்த ஊர் சென்னை ராஜ்யத்தில்தான் இருந்தது. நகரியிலும் சத்தியவேட்டிலும் குப்பத்திலும் இன்றைக்கும் எத்தனையோ குடும்பங்களில் வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. ஆஸ்பத்திரியில் நோயைச் சொல்லும்போது இரண்டும் கலந்து வரும். அப்படிக் கலந்து வருகிற பேச்சைக் கேட்டு, மனவடு சார்ந்த கோளாறு இது, இது அல்ல என்று எப்படி முடிவு செய்வது? புத்தகத்தில் உள்ள அளவுகோலையும் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரின் அறிகுறியையும் எப்படிப் பொருத்துவது? அதுதான் இன்றைய பேச்சு.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிகுறியைக் கடைசியில் பாருங்கள். என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள். எத்தனை நாள் ஆயிற்று என்று இரண்டாவதாகக் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்காமல் அறிகுறிகளை எண்ண ஆரம்பிக்காதீர்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? நம் பக்கத்தில் நடப்பதைப் பாருங்கள். ஓர் அம்மா வருகிறார். மஞ்சப்பையில் ஒரு கட்டு ஈசிஜி தாள். சித்தூரில் எடுத்தது, திருப்பதியில் எடுத்தது, வேலூருக்குப் பஸ் ஏறிப் போய் எடுத்தது. எல்லாமே நார்மல். "நெஞ்சு அடைக்குதுங்க, படபடன்னு வருது, ராத்திரி திடுக்குனு முழிப்பு வந்துடுது" என்கிறார். வைட்டமின் மாத்திரை சாப்பிட்டாயிற்று. தர்காவில் தாயத்து கட்டியாயிற்று. வேப்பிலை அடித்து மந்திரித்தும் ஆயிற்று. இத்தனை இடத்துக்குப் போனாரே, ஓர் இடத்திலாவது "அம்மா, இது ஆரம்பிக்கிறதுக்கு முன்னால என்ன நடந்துச்சு?" என்று யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்டிருந்தால், நெரிசலில் கீழே விழுந்து, மேலே நாலு பேர் விழுந்து, மூச்சு நின்று போன அந்த நிமிடத்தை அவர் சொல்லியிருப்பார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் இன்று சொல்லும் ஆட்கள் யாரும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. பலரிடம் பார்த்ததை ஒருவர் மேல் ஏற்றிச் சொல்கிறேன். ஆனால் சம்பவங்கள் நீங்கள் எல்லோரும் அறிந்தவை.

2025 ஜனவரி 8 இரவு. வைகுண்ட ஏகாதசிக்கு இரண்டு நாள் முன்பு. சொர்க்கவாசல் தரிசன டோக்கனுக்காகத் திருப்பதியில் கூட்டம் காத்திருந்தது. பைராகிப்பட்டெடாவில் கூட்டம் முண்டியது. 6 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பு, 2021 மே 10 இரவு, திருப்பதி ரூயா ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டிய ஆக்சிஜன் டேங்கர் தாமதமாயிற்று. குழாயில் அழுத்தம் இறங்கியது. அரசுக் கணக்கிலேயே 11 கோவிட் நோயாளிகள் போய்விட்டார்கள். அதற்கும் முன்பு, 2015 ஏப்ரல் 7, சேஷாசலம் காடு. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்ட 20 பேர் அதிரடிப்படையின் துப்பாக்கியால் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக்காரர்கள். நான் இங்கே வழக்குப் பேச வரவில்லை. இந்த மூன்று நாட்களும் எத்தனை வீடுகளுக்குள் இன்னும் முடியாமல் இருக்கின்றன என்பதைப் பேச வந்திருக்கிறேன்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். உலகில் இரண்டு நூல்கள் புழங்குகின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்., உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தக் கோளாறு, அதாவது பி.டி.எஸ்.டி. என்ற பெயர், டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பில், 1980-இல்தான் வந்தது. வியட்நாம் போர் முடிந்து வந்த சிப்பாய்கள் வாங்கித் தந்த பெயர் என்றே சொல்லலாம். மாணவர்களே, கல்லூரியில் டி.எஸ்.எம். படிப்பீர்கள், அரசு ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஐ.சி.டி. எண் எழுதுவீர்கள். இரண்டுமே சம்பவத்தை முதலில் வைக்கின்றன. டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்பு கறாராகச் சொல்கிறது: சாவு, சாவு மிரட்டல், கடுமையான காயம், பாலியல் வன்முறை. இதில் ஒன்று நடந்திருக்க வேண்டும். அது உங்களுக்கே நடந்திருக்கலாம். கண்ணெதிரே இன்னொருவருக்கு நடந்திருக்கலாம். நெருங்கிய உறவுக்கோ நண்பருக்கோ நடந்ததாகச் செய்தி வந்திருக்கலாம்; அப்படிச் செய்தியாக வரும் சாவு வன்முறையாகவோ விபத்தாகவோ இருக்க வேண்டும். அல்லது வேலை நிமித்தமாகத் திரும்பத் திரும்ப அந்தக் கொடூரத்தைக் கையாண்டிருக்கலாம். 108 வண்டியில் போகிறவர், பிணவறையில் வேலை செய்கிறவர், எஃப்.ஐ.ஆர். எழுதும் காவலர் எல்லோரும் இந்த நான்காவதில் வருவார்கள்.

டிவியில் நெரிசல் காட்சியைப் பார்த்துவிட்டு மூன்று நாள் சாப்பிடாதவர் வருவாரா? அது அவருடைய வேலையாக இருந்தால் ஒழிய, வரமாட்டார். அவர் துன்பம் பொய்யா? பொய் இல்லை. வேறு பெயரில் கவனிக்க வேண்டிய துன்பம்.

தோத்தாபுரி மாங்காய் விலை விழுந்து, கடன்காரன் வாசலில் நின்று, தூக்கம் போன விவசாயி? சித்தூர்க்காரர்களுக்கு இந்த ஆளை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. தூக்கம் இல்லை, எரிச்சல், யாரோடும் பேச்சில்லை, எதிர்காலமே இருட்டு. அறிகுறியை மட்டும் எண்ணினால் பி.டி.எஸ்.டி. பட்டியலில் பாதி நிரம்பிவிடும். ஆனால் முதல் கேள்வியிலேயே வாசல் மூடிவிடுகிறது. கடன் கொடுமைதான், அளவுகோல் சொல்கிற சம்பவம் அது ஆகாது. அவருக்குத் தகவமைவுக் கோளாறா, மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று அன்றைக்கே, அங்கேயே கேட்க வேண்டும். பெயர் தவறினால் சிகிச்சை தவறும். அந்த விவசாயி விஷயத்தில் உயிரே தவறிப்போகும்.

இப்போது ரூயாவின் அந்த இரவுக்கு வாருங்கள். கட்டிலருகே நின்று, அப்பா மூச்சுக்குத் தவித்ததைக் கண்ணால் பார்த்த மகன். குவைத்தில் வீட்டு வேலை செய்துகொண்டு, போனில் செய்தி கேட்ட மகள். ஒரே சாவு, இரண்டு பிள்ளைகள். மகன் கண்ணால் பார்த்தவர், திடீரென்று வந்த பேராபத்து, வாசல் திறக்கிறது. மகளுக்கு? கோவிட் நோய்ச் சாவு என்று எழுதினால் மூடுகிறது. ஆக்சிஜன் நின்றதால் வந்த விபத்துச் சாவு என்று எழுதினால் திறக்கிறது. எது சரி? இரண்டு மருத்துவரிடம் கேட்டால் இரண்டு பதில் வரலாம். விபத்து என்று எடுத்துக்கொள்வேன் நான். ஏன் அப்படி எடுத்தேன் என்பதைக் கோப்பில் இரண்டு வரி எழுதி வைப்பேன். ஐ.சி.டி. பதினோராம் பதிப்பு இங்கே கொஞ்சம் இளகிய மனசுக்காரர். மிகக் கடுமையான ஆபத்தோ கொடூரமோ நிறைந்த சம்பவம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, மிச்சத்தை உங்கள் பொறுப்பில் விடுகிறது.

ஜவ்வாது மலையில் இருந்தபடி, புருஷன் சேஷாசலத்தில் சுடப்பட்டதை அடுத்தவர் சொல்லிக் கேட்ட மனைவிக்கு இந்தச் சந்தேகமே எழாது. வன்முறைச் சாவு. காட்டுக்கு அவர் போகவே வேண்டாம், செய்தி போதும்.

சம்பவம் ஆயிற்று. அடுத்து நாள் கணக்கு. ஏன் நாள் கணக்கு இவ்வளவு முக்கியம்?

நெரிசல் நடந்த மறுநாள் தூக்கம் வராதது நோயா? கை நடுங்குவது நோயா? கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குவது நோயா? தூக்கம் வந்திருந்தால்தான் நான் கவலைப்படுவேன்! அந்த முதல் சில நாட்களின் எதிர்வினையை ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. டி.எஸ்.எம். மூன்று நாள் முதல் ஒரு மாதம் வரை கடுமையாக இருந்தால் கடும் மனவழுத்தக் கோளாறு என்று தனிப்பெயர் தருகிறது. 14 அறிகுறிகளில் 9 இருக்க வேண்டும். ஒரு மாதம் தாண்டிய பிறகுதான் பி.டி.எஸ்.டி. என்ற பேச்சே. அதுவும் எல்லோருக்கும் வராது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, உலகில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இப்படியான சம்பவத்தைச் சந்திக்கிறார்கள், அவர்களில் பி.டி.எஸ்.டி. வரை போகிறவர்கள் சுமார் 5.6 சதவீதம். மற்றவர்களை யார் மீட்டது? உறவு, வேலை, சாமி, நேரம். ஒரு மாதத்துக்குள் ஓடிப்போய் எல்லோர் நெற்றியிலும் நோய்ச்சீட்டு ஒட்டினால், தானாக ஆறும் புண்ணையும் நாம் கிளறுகிறோம்.

இங்கே மருந்துக் கடைக்காரர் யாராவது இருந்தால் காதில் போட்டுக்கொள்ளுங்கள். அதிர்ச்சியான வீட்டுக்கு முதலில் போவது தூக்க மாத்திரைதான். "பாவம், தூங்கட்டுமே" என்று அல்பிரசோலம் பட்டையை நீட்டுகிறோம். சம்பவம் நடந்த முதல் மாதத்தில் அதிர்ச்சி அறிகுறிகளுக்காக இந்த ரக மாத்திரை தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே வழிகாட்டியிருக்கிறது. பாவம் பார்த்துக் கொடுத்த மாத்திரை பழக்கமாகி, ஆறு மாதம் கழித்து அதுவே தனி நோயாக நம்மிடம் வருகிறது.

நாள் கணக்கில் இன்னொரு கோணமும் உண்டு. சிலருக்கு அளவுகோல் முழுவதும் நிரம்பவே ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த ஆறு மாதமும் வழக்கு, நஷ்டஈடு, பத்திரிகைக்காரர் என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். ஓட்டம் நின்ற பிறகு உடைவார்கள். "அப்பவே வராதது இப்ப எப்படிம்மா வரும்?" என்று அவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

இப்போது அறிகுறிக்கு வருவோம். டி.எஸ்.எம்.-5 இருபது அறிகுறிகளை நான்கு கூடைகளில் வைக்கிறது. நினைவு வந்து தாக்குவது ஐந்தில் ஒன்று. தவிர்ப்பது இரண்டில் ஒன்று. எண்ணமும் மனநிலையும் கெடுவது ஏழில் இரண்டு. உடம்பு உஷாராகவே இருப்பது ஆறில் இரண்டு. ஆய்வாளர் இருவர் 2013-இல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இந்த விதிப்படி ஒருவருக்கு பி.டி.எஸ்.டி. வரக்கூடிய அறிகுறிச் சேர்க்கைகள் எத்தனை தெரியுமா? 6,36,120! ஒரே பெயர், ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட முகங்கள். இதை வைத்துக்கொண்டு "அந்தப் பேஷன்ட் மாதிரி இவர் இல்லையே" என்று சொல்ல முடியுமா?

முதல் கூடையில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். சம்பவத்தை நினைத்து நினைத்து வருந்துவது வேறு. சம்பவம் இப்போதே நடப்பதுபோல் வந்து மோதுவது வேறு. எப்படிப் பிரிப்பது? நான் இப்படித்தான் கேட்பேன்: "அது நடந்துச்சேன்னு நினைப்பு வருதா, இல்ல இப்ப நடக்கிற மாதிரியே இருக்கா?" ஒரு பெரியவர் பதில் சொல்லவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கழுத்தைத் தளர்த்தினார். மூச்சு மேலே மேலே வாங்கியது. என் அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் நெரிசலுக்குள் இருந்தார். உடனே கதையை நிறுத்தினேன். காலைத் தரையில் ஊன்றச் சொன்னேன், சுவரில் காலண்டரில் இன்றைக்கு என்ன தேதி என்று படிக்கச் சொன்னேன். அந்தப் பதிலுக்காக முழுக் கதையையும் அவர் வாயிலிருந்து பிடுங்கத் தேவையில்லை. அளவுகோலை நிரப்ப நோயாளியை மறுபடி அந்த இடத்துக்கு இழுத்துப் போக யாருக்கும் உரிமை இல்லை.

இரண்டாவது கூடை, தவிர்ப்பது. இதை யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள். ஏன்? தவிர்ப்பது வெற்றி பெற்றால் வலியே தெரியாது! பூக்கட்டி விற்கும் பெண்மணி ஒருவர், "எனக்கு இப்ப ஒண்ணுமில்ல சார்" என்றார். "முன்னாடி செஞ்சுக்கிட்டிருந்து இப்ப செய்யாம விட்டது என்னம்மா?" என்று கேட்டதும் ஒவ்வொன்றாக வந்தது. ரேஷன் கடை வரிசைக்கு மகளை அனுப்புகிறார். பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கம்தான் உட்காருவார். திருவிழா வந்தால் ஊருக்கு வெளியே போய்விடுவார். திருமலைக்குப் போவதே இல்லை. பேரனுக்கு முதல் முடி இறக்க வேண்டியது பாக்கி. வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "பக்தி போயிடுச்சு." அவர் மனசு என்ன சொல்கிறது? "நேர்த்திக்கடன் நின்னு போச்சு, அதனாலதான் சாமி சோதிக்குது." தவிர்ப்பது குற்ற உணர்வைத் தருகிறது, குற்ற உணர்வு பயத்தை வளர்க்கிறது, பயம் மறுபடி தவிர்க்கச் சொல்கிறது. வேறு ஊரில் கூட்டத்தைத் தவிர்ப்பவர் ஒரு கடைவீதியைத்தான் இழக்கிறார். திருப்பதியில் கூட்டத்தைத் தவிர்ப்பவர் சாமியையே இழக்கிறார். இந்த ஊர்க்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி எந்தப் புத்தகத்திலும் இல்லை: "கடைசியா மலைக்கு எப்பப் போனீங்க?"

மூன்றாவது கூடையில் பழி சுமத்திக்கொள்வது ஒன்று. கவனமாக இருங்கள். "எல்லாம் தலையெழுத்து", "கர்மம்" என்று ஊரே சொல்வதை அறிகுறி என்று எண்ணிவிடாதீர்கள். ஊரே சொல்வது ஊரின் ஆறுதல். "நான்தான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன், நான்தான் கொன்றேன்" என்று ஒருவர் மட்டும் இரவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால், அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காவது கூடை, உஷார். இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. கூலிக்காகக் காட்டுக்குப் போய்விட்டு வந்தவர், போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால் கொல்லைப்புறமாக ஓடுகிறார். அறிகுறியா? அவர் பெயரில் வழக்கு நிலுவையில் இருந்தால், ஜீப் அவரைத் தேடித்தான் வருகிறது! இரவு புருஷன் குடித்துவிட்டு வரும் நேரத்தில் கதவுப்பக்கமே காது வைத்திருக்கும் பெண்ணுக்கு மிகை விழிப்பு என்று எழுதலாமா? அவளுக்கு இருப்பது சரியான கணிப்பு. ஆபத்து முடிந்த பிறகும் முடியவில்லை என்று உடம்பு நினைப்பதுதான் இந்தக் கோளாறு. ஆபத்து முடியாத வீட்டில் முதல் சிகிச்சை, பாதுகாப்பு. 181 என்ற பெண்கள் உதவி எண் எந்த மாத்திரைக்கும் முந்தியது. இப்படி ஆண்டுக்கணக்கில் அடிபட்டவர்களுக்கு ஐ.சி.டி.-11 சிக்கலான பி.டி.எஸ்.டி. என்ற தனி எண்ணே வைத்திருக்கிறது: உணர்ச்சி கட்டுக்குள் நிற்காது, தன்னைத் தானே கேவலமாக நினைப்பார்கள், யாரோடும் ஒட்ட முடியாது. செய்தித்தாளில் வரும் நெரிசலைவிட, செய்தித்தாளில் வராத சமையலறைகளில்தான் இந்த எண் அதிகம் தேவைப்படும் என்பது என் எண்ணம்.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் நம் மொழி பேசும் மக்களிடையே வேலை செய்தவர். மனவடு தனி மனிதருக்குள் மட்டும் இருப்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்து உடைக்கிறது என்று விடாமல் எழுதினார். டி.எஸ்.எம். படிக்கும் மாணவர்கள் அவரையும் சேர்த்துப் படியுங்கள்.

நான்கு கூடையும் நிரம்பினாலும் பேனாவைத் திறக்காதீர்கள். வேறு காரணம் உண்டா என்று பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை இறங்குவது, குடியை நிறுத்திய நடுக்கம் எல்லாமே படபடப்பைத் தரும். நெரிசலில் தலையில் அடிபட்டவரின் மறதியும் எரிச்சலும் மூளைக் காயமாக இருக்கலாம். அப்புறம், இது வாழ்க்கையைக் கெடுக்கிறதா? வேலைக்குப் போகிறாரா, சமைக்கிறாரா, பிள்ளையோடு பேசுகிறாரா? கேள்வித்தாள்கள் உண்டு. பி.சி.எல்.-5 இருபது கேள்வி, மொத்தம் 80 மதிப்பெண், 31 முதல் 33 வரை தொட்டால் சந்தேகப்படலாம் என்பார்கள். சந்தேகப்படலாம், அவ்வளவுதான். தீர்ப்பு எழுதுவது நேர்காணலில் உட்கார்ந்த மனிதர்.

கடைசியாகத் துக்கம். 2022-இல் வந்த டி.எஸ்.எம். திருத்தப் பதிப்பு நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்றைச் சேர்த்தது. பெரியவர்களுக்கு 12 மாதம் கழிய வேண்டும். ஐ.சி.டி.-11 ஆறு மாதம் போதும் என்கிறது. கூடவே, அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. நம் வழக்கம் என்ன? தலைத் திவசம் முடியும்வரை வீட்டில் பண்டிகை இல்லை. ஏழாம் மாதம் ஒரு மனைவி தீபாவளிக்கு விளக்கேற்றவில்லை என்றால் அது நோயா? என் கணக்கில் இந்த ஊருக்கு ஆறு மாதம் பொருந்தாது. திவசம் முடிந்தும், சோறு இறங்காமல், இறந்தவரின் சட்டையைத் தவிர வேறெதிலும் பிடிப்பில்லாமல் நாளெல்லாம் கிடந்தால் அப்போது எழுதுங்கள். அதிலும் அடக்கம் எப்படி நடந்தது என்று கேளுங்கள். சேஷாசலத்தில் இறந்த சிலரின் உடல்களுக்கு நீதிமன்ற உத்தரவில் மறு பிரேதப் பரிசோதனை நடந்தது, சடங்கு தள்ளிப்போனது. கோவிட் காலத்தில் முகத்தைக்கூடப் பார்க்கவிடவில்லை. சடங்கு நிற்காத வீட்டுத் துக்கமும் சடங்கு நின்ற வீட்டுத் துக்கமும் ஒரே நாட்காட்டியில் நகர்வதில்லை.

செவிலியர் படிப்பு மாணவிகளே, நோட்டில் இதை எழுதிக்கொள்ளுங்கள்: 14416. டெலி மானஸ், 2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசு நடத்தும் இலவச மனநலத் தொலைபேசி. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். வார்டில் யாராவது "நெஞ்சு அடைக்குது" என்று சொல்லி, ஈசிஜி நார்மல் என்று வந்தால், அவரை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்த முதல் கேள்வியைக் கேளுங்கள். எனக்கான கேள்விகளை இப்போது கேட்கலாம். சபையில் கேட்கத் தயங்குகிறவர்கள் சீட்டில் எழுதி, பெயர் போடாமல் கொடுங்கள்.